தொட்டிலும் தொட்டியும்: இளவேனில் தோட்டக் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் செடியைப் பற்றிய கேள்வி இரண்டு வரி, வீட்டுச் சேதி பத்து வரி. கல்யாணம், பிரசவம், வீடு மாற்றம், அப்பாவின் முழங்கால். வழக்கமாக அதையெல்லாம் வெட்டிவிட்டுக் கேள்வியை மட்டும் அச்சிடுவோம். இம்முறை வெட்டவில்லை. எதை எப்போது விதைப்பது என்பதற்குப் பாதி விடை அந்தச் சேதியில்தான் இருக்கிறது.

இளவேனில் ஊருக்கு ஊர் வேறு நாளில் வரும். அதனால் தேதிக்குப் பதிலாக வாரக் கணக்கும் வெப்பநிலையும் கொடுத்திருக்கிறோம். உறைபனி விழும் ஊர்க்காரர்கள் கடைசி உறைபனி நாளை வைத்துக் கணக்குப் போடுங்கள். உறைபனியே தெரியாத ஊரென்றால், பகல் வெயில் 35 டிகிரியைத் தொடுமுன் பூவும் பிஞ்சும் பிடித்துவிடும்படி விதையுங்கள்.

கேள்வி: மகளுக்கு இன்னும் 12 வாரத்தில் கல்யாணம். விருந்துக்கு 20 மேசை. ஒவ்வொன்றிலும் நம் வீட்டுப் பூதான் இருக்க வேண்டும் என்கிறாள். கொல்லையில் நல்ல வெயில் படும் 3 சதுர மீட்டர் இடம் இருக்கிறது. நடக்கிற காரியமா?

பதில்: நடக்கும், இந்த வாரமே விதைத்தால். உங்கள் கையில் இருப்பது 84 நாள். ரோஜாவையும் டேலியாவையும் மறந்துவிடுங்கள். ஜினியாவும் சூரியகாந்தியும் போதும்.

மேசைக்கு ஒரு சூரியகாந்தி, நான்கு ஜினியா என்று வைத்தால் 20 சூரியகாந்தி, 80 ஜினியா வேண்டும். நுனி கிள்ளி வளர்த்த ஒரு ஜினியாச் செடி ஒரே நாளில் வெட்டத் தகுந்த பூ இரண்டு மூன்று தரும். 32 செடி போதும் என்று கணக்கு வரும். சேதத்துக்கு நாலு சேர்த்து 36 நடுங்கள். 25 சென்டிமீட்டர் இடைவெளியில் அதற்கு 2.25 சதுர மீட்டர் போகும். மிச்சமுள்ள முக்கால் சதுர மீட்டரில் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 33 சூரியகாந்தி நிற்கும்.

ஜினியா விதைத்து 60 முதல் 70 நாளில் பூக்கும். செடி ஒரு சாண் உயரம் வந்து மூன்று நான்கு ஜோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ள வேண்டும். அதனால் ஒரு வாரம் பத்து நாள் பிந்தும். ஆகவே பாதி விதையை இன்றே போடுங்கள், மீதியைப் பத்து நாள் கழித்து. முதல் தொகுதி முந்திப் பூத்துவிட்டாலும் கவலையில்லை, வெட்ட வெட்டத் துளிர்த்துப் பூக்கிற ஜாதி அது. வேரைக் கலைத்தால் அதற்குப் பிடிக்காது. நாற்று விடுவதானால் குழிக்கு ஒரு விதையாகப் போட்டு, மண்ணோடு எடுத்து நடுங்கள்.

சூரியகாந்தியில்தான் நாள் பிசகக் கூடாது. ஒரு தண்டு, ஒரு பூ, அத்தோடு சரி. பூக்கடைக்காரர்கள் வளர்க்கும், மகரந்தம் உதிராத ஒற்றைப்பூ ரகத்தை வாங்குங்கள். பெரும்பாலும் 50 முதல் 60 நாளில் பூக்கும்; உறையில் எழுதியிருக்கும் நாளைப் பாருங்கள். விழாவுக்கு 65, 60, 55 நாள் முன்னதாக, அதாவது இன்றிலிருந்து 19, 24, 29ஆம் நாட்களில், பதினொன்று பதினொன்றாக விதையுங்கள். இரவில் குளிர் அதிகமென்றால் எல்லாவற்றையும் ஒரு வாரம் முந்தியே விதையுங்கள். இதை நுனி கிள்ளவே கூடாது.

வெட்டும் பக்குவம் இரண்டுக்கும் நேர்மாறு. சூரியகாந்தியை இதழ் நடுவட்டை விட்டு நிமிரத் தொடங்கும்போதே வெட்ட வேண்டும். மீதியைக் குவளையில் விரித்துக்கொள்ளும், ஒரு வாரம் தாங்கும். இரண்டு மூன்று நாள் முந்தி நிமிர்கிற பூவை வெட்டிக் குளிர்ந்த அறையில் தண்ணீரில் வைத்துக்கொள்ளலாம். ஜினியா மொட்டாக வெட்டினால் மொட்டாகவே வாடும். பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். தலை துவண்டு ஆடினால் இன்னும் ஆகவில்லை. தண்டு கம்பி மாதிரி விறைத்து நின்றால் வெட்டலாம். முதல் நாள் விடியற்காலையில் வெட்டி, தண்ணீருக்குள் போகும் இலைகளை உருவிவிட்டு, கழுவிய வாளியில் நிழலில் வையுங்கள். ஜினியாவை மட்டும் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள், குளிர் தாங்காமல் கறுத்துவிடும்.

இலையில் மாவு தூவியது போல வெள்ளை படிந்தால் சாம்பல் நோய். வேரில் மட்டும் தண்ணீர் விட்டு, இடைவெளியைக் குறைக்காமல் இருந்தால் பெரும்பாலும் வராது. இவ்வளவு சொன்ன பிறகும், பூக்கடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சொல்லி வையுங்கள். விழாவுக்கு முந்தின இரவு ஆலங்கட்டி மழை பெய்யாது என்று எங்களால் எழுதித் தர முடியாது.

கேள்வி: மருமகளுக்கு நான்காம் மாதம். வீட்டில் பூனை இருக்கிறது. மண்ணையே தொடக் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். தோட்டம்தான் அவளுக்கு ஆறுதல்.

பதில்: தொடலாம், வெறுங்கையால் மட்டும் வேண்டாம். சொல்பவர்கள் பயப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. தொற்றுள்ள பூனையின் மலத்தோடு வெளிவந்து ஈரமண்ணில் பல மாதம் அழியாமல் கிடக்கும். கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கக்கூடும். முன்பே தொற்றி எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்பது ரத்தப் பரிசோதனையில் தெரியும். பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.

தோட்டத்தில் கையுறை, வேலை முடிந்ததும் நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவுவது, பறித்த கீரையையும் காயையும் நன்றாக அலசுவது, இவை மூன்றும் கட்டாயம். பூனைக்குக் கொத்திய மண் என்றால் கொள்ளை ஆசை. விதைத்த பாத்திமேல் கோழிவலையைத் தரையோடு படுக்கப் போட்டுவிடுங்கள்; செடி கண்ணி வழியே மேலே வந்துவிடும், பூனையால் பறண்ட முடியாது. பூனையின் மலத்தட்டை வீட்டில் வேறு யாராவது தினமும் சுத்தம் செய்யட்டும். மலத்தில் வந்த ஒட்டுண்ணி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் ஆகும் என்பதால் 'தினமும்' என்ற சொல் முக்கியம்.

பலரும் விட்டுவிடுகிற இன்னொன்று: மூட்டையில் வரும் தொட்டிக் கலவை. அதைப் பிரிக்கும்போது கிளம்பும் தூசியில் லீஜியோனெல்லா என்ற நுரையீரல் கிருமி இருக்க வாய்ப்புண்டு. மூட்டையைத் திறந்த வெளியில், முகத்தைத் தள்ளி வைத்துப் பிரித்து, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு கிளறுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்வது எல்லோருக்குமே நல்லது. மருந்தடிப்பது, மூட்டை தூக்குவது இரண்டும் இந்த மாதங்களில் அவர் வேலையே இல்லை.

கேள்வி: பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் சமையலறை ஜன்னலில் தக்காளி, மிளகாய் விதை போட்டார்கள். பாதி நூல் மாதிரி நீண்டு வளைகிறது. பாதி நேற்று நன்றாக இருந்து இன்று படுத்துவிட்டது. பெரியவன் தண்ணீர் போதவில்லை என்கிறான், சின்னவள் தண்ணீர் அதிகம் என்கிறாள்.

பதில்: சின்னவள் பக்கம்தான் நியாயம், அதுவும் பாதிதான். உங்கள் தட்டில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன.

படுத்த நாற்றை எடுத்து மண்மட்டத்தில் தண்டைப் பாருங்கள். மேலே பச்சையாக, விதையிலை இரண்டும் வாடாமல் இருக்கும். மண்ணைத் தொடும் இடம் மட்டும் நீர்கோத்து, பழுப்பாகி, நகத்தால் நசுக்கியது போல இடுங்கியிருக்கும். அது நாற்றழுகல். ஈரமும் காற்றோட்டமின்மையும் சேரும் இடத்தில் மண்ணிலுள்ள பூஞ்சணம் செய்கிற வேலை. விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. விழுந்தவற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி வெளியே போட்டுவிட்டு, மூடியிருந்தால் மூடியை எடுத்து, மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் சற்றுத் தள்ளி வையுங்கள். இனி மேலே தெளிக்காமல், தட்டைத் தண்ணீரில் 15 நிமிடம் உட்காரவைத்துக் கீழிருந்து உறிஞ்சவிட்டு, மிச்சத்தை வடித்துவிடுங்கள். மண்ணின் மேல்தோல் வெளிறிய பிறகுதான் அடுத்த தண்ணீர். அடுத்த முறை பழைய தொட்டி மண்ணில் விதைக்காதீர்கள். புதுக் கலவையும், சோப்பில் கழுவி வெயிலில் காயவைத்த தட்டும் இருந்தால் முக்கால்வாசித் தொல்லை வராது.

நூலாக நீண்டவை வெளிச்சத்துக்கு ஏங்குகின்றன. ஜன்னல் நம் கண்ணுக்குத்தான் பிரகாசம், நாற்றுக்கு அது அரை இருட்டு. வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கை நாற்றுக்கு 15 முதல் 30 சென்டிமீட்டர் மேலே தொங்கவிட்டு, நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். இரவு அணைக்க மறக்க வேண்டாம். முளைக்கும்வரை வெதுவெதுப்பு வேண்டும்: தக்காளிக்கு 21 முதல் 27 டிகிரி, மிளகாய்க்கு 25 முதல் 30. முளைத்த பின் அதே சூட்டில் வைத்தால் இன்னும் நீளும். 18 முதல் 21 டிகிரிக்கு இறக்குங்கள்.

நீண்டுபோன தக்காளியைத் தூக்கியெறிய வேண்டாம். விதையிலைக்குப் பிறகு வருகிற உண்மை இலையில் இரண்டாவது ஜோடி வந்ததும், விதையிலைகளைக் கிள்ளிவிட்டு மேலிலை வரை மண்ணுக்குள் புதைத்து வேறு தொட்டியில் நடுங்கள். புதைந்த தண்டு முழுக்க வேர் விடும். மிளகாய்க்கு இந்தச் சலுகை அவ்வளவாகக் கிடையாது. அதை இருந்த ஆழத்திலேயே நட்டு, பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றுங்கள்.

வெளியே கொண்டுபோகும்போது ஒரே நாளில் வெயிலில் வைத்துவிடாதீர்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில். பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டி, மெல்ல வெயிலுக்கு நகர்த்தி, 7 முதல் 10 நாளில் முழுதாகப் பழக்குங்கள். அவசரப்பட்டால் இலை காகிதம் மாதிரி வெளுத்துவிடும். இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாத நாள் வந்த பிறகே தக்காளிக்கும் மிளகாய்க்கும் வெளியில் இடம்.

கேள்வி: காபிச் சக்கையும் முட்டை ஓடும் போட்டால் எல்லாம் காய்க்கும் என்கிறார் கணவர். தக்காளியின் அடி கறுத்து அழுகியபோதும் அதையே போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. பத்திரிகையில் வந்தால்தான் நம்புவாராம்.

பதில்: நம்பட்டும். காயின் அடி கறுப்பது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால். பெரும்பாலும் மண்ணில் அந்தச் சத்து இருக்கும். ஒரு நாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாக நனைகிற தொட்டியில் அதைத் தூக்கிக்கொண்டு போகத் தண்ணீர் ஒரே சீராக இருக்காது. முட்டை ஓடு கரைவதற்குள் பருவமே முடிந்துவிடும். தக்காளிக்குக் குறைந்தது 15 முதல் 20 லிட்டர் தொட்டி, மண்மேல் காய்ந்த இலை பரப்பி 5 சென்டிமீட்டர் மூடாக்கு, தினமும் ஒரே நேரத்தில் தண்ணீர், இதுதான் மருந்து. தழைச்சத்து உரத்தைக் குறையுங்கள். கறுத்த காயைப் பறித்துவிடுங்கள், அடுத்தவை சரியாக வரும்.

காபிச் சக்கை மக்குக் குழிக்கு நல்லது. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பச்சையாகத் தொட்டியில் கனமாகப் பரப்பினால் காய்ந்து ஓடு கட்டி, தண்ணீர் இறங்காமல் செய்யும்.

கேள்வி: மகன் குடும்பத்தோடு ஆறு வாரத்தில் வருகிறான். பேரப்பிள்ளைகள் தங்கள் கையால் பறிக்க ஏதாவது இருக்க வேண்டும். இன்னும் ஒன்றும் விதைக்கவில்லை.

பதில்: ஆறு வாரத்துக்கு விதையிலிருந்து வருவது முள்ளங்கியும் கீரையும்தான். சின்ன உருண்டை முள்ளங்கி 25 முதல் 30 நாள். அவர்கள் வரும் நாளுக்கு நான்கு வாரம் முன்பு ஒரு வரிசை, ஒரு வாரம் கழித்து இன்னொன்று போடுங்கள். 3 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கலைத்துவிடாவிட்டால் இலை மட்டும் செழிக்கும், கிழங்கு சுண்டுவிரல் கனம்கூட வராது. மண்ணிலிருந்து இழுத்தெடுக்கிற காய் என்பதால் குழந்தைகளுக்கு இதில்தான் குஷி.

மற்றதை நாற்றங்காலில் வளர்ந்த செடியாக வாங்கிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பூவோடு இருக்கும் ஸ்ட்ராபெரி நான்கு ஐந்து வாரத்தில் பழுக்கும். முதல் பூங்கொத்து விட்ட சிறுதக்காளிச் செடியும் ஆறு வாரத்தில் சிவந்துவிடும். பெரிய தக்காளி வேண்டாம், அவர்கள் கிளம்பிய பிறகுதான் பழுக்கும்.

கேள்வி: மகள் பிரசவத்துக்காக 16 நாள் வெளியூர் போகிறோம். வெயிலில் 14 தொட்டி. பாட்டிலைக் கவிழ்த்து வைத்தால் போதுமா?

பதில்: போதாது. நிழலுக்கு நகர்த்திய பிறகும் 10 லிட்டர் தொட்டி ஒன்று நாளைக்கு 400 மில்லியாவது குடிக்கும். 14 தொட்டி, 16 நாள் என்றால் ஏறக்குறைய 90 லிட்டர். ஒரு லிட்டர் பாட்டில் பொலபொலப்பான மண்ணில் முதல் நாளே காலியாகிவிடும்.

குழாய் பக்கத்தில் இருந்தால் மின்கலத்தில் ஓடும் டைமரும் சொட்டுநீர்க் குழாயும் வாங்குவதே நிம்மதி. மணிக்கு 2 லிட்டர் விடும் சொட்டுவானைத் தொட்டிக்கு ஒன்றாகச் செருகி, அதிகாலையில் 12 நிமிடம் வையுங்கள், 400 மில்லி வந்துவிடும். மேல்தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் அழுத்தம் குறைவாக இருந்தால் சில டைமர்கள் திறக்கவே திறக்காது. வாங்குமுன் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யுமா என்று கேளுங்கள். புது மின்கலம் போடுங்கள்.

குழாய் இல்லையென்றால் திரி. 20 லிட்டர் வாளி ஒன்று மூன்று தொட்டிகளை 16 நாள் பார்த்துக்கொள்ளும். உங்களுக்கு ஐந்து வாளி வேண்டும். உயரமான வாளியைவிட அகன்ற, குட்டையான வாளி நல்லது. தண்ணீர் குறையக் குறையத் திரி ஏற்றவேண்டிய உயரம் கூடும். 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் தளர்ந்துவிடும். திரிக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் கனமுள்ள, நீரை உறிஞ்சும் முறுக்குக் கயிறு எடுங்கள். முதலில் முழுக்க நனையுங்கள். காய்ந்த கயிறு தொடங்கவே தொடங்காது. ஒரு முனையை மண்ணுக்குள் 10 சென்டிமீட்டர் புதைத்து, மறுமுனையில் கல் கட்டி வாளியின் அடியில் உட்காரவையுங்கள். வாளியின் நீர்மட்டம் தொட்டியின் மண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் கயிறு உறிஞ்சுவதோடு நிற்காமல் வடிகுழாயாகிவிடும், ஓரிரு நாளில் வாளி காலி, செடி சேறு. வாளியைத் துணியால் மூடிக் கட்டுங்கள், கொசு முட்டையிடாது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே இதை அமைத்து, வாளியின் உட்புறம் நீர்மட்டத்தைக் கோடு போட்டு மூன்று நாள் பாருங்கள். எங்கே தப்பு என்பது அப்போதே தெரிந்துவிடும். போகிற நாளில் காய், பூ, மொட்டு எல்லாவற்றையும் பறித்துவிட்டு, தொட்டிகளை நெருக்கி வைத்து, மண்மேல் காய்ந்த இலை பரப்புங்கள். உரம் போடாதீர்கள். அண்டைவீட்டாரிடம் சாவி கொடுப்பதானால் 'பார்த்து ஊற்றுங்கள்' என்று சொல்லாமல், எந்தத் தொட்டிக்கு எத்தனை குவளை, எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று அட்டையில் எழுதிச் செருகுங்கள். அன்பால் மூழ்கிச் செத்த செடிகள் ஏராளம்.

கேள்வி: அப்பாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆகி இரண்டு மாதம். குனியக் கூடாது, மண்டியிடக் கூடாது. மொட்டைமாடியில் உயரப் பாத்தி கட்டலாமா?

பதில்: எப்போது தொடங்கலாம் என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும். தையல் புண் முழுதாக ஆறாமல் மண்வேலை கூடாது. தடுப்பூசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் டெட்டனஸ் ஊசியைப் பற்றியும் கேட்டுவிடுங்கள்.

நின்று வேலை செய்ய 75 முதல் 90 சென்டிமீட்டர் உயரம், நாற்காலியில் பக்கவாட்டில் உட்கார்ந்து செய்ய 60. அகலம், ஒரு பக்கம் மட்டும் நிற்க முடிந்தால் 60 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், கை எட்டாது. ஊன்றுகோலோடு நடக்க 90 சென்டிமீட்டர் வழி விடுங்கள். கைப்பிடி உள்ள, ஆடாத நாற்காலி ஒன்று அங்கேயே கிடக்கட்டும்.

எங்களுக்குக் கவலை மாடியின் மேல்தான். 1.2 மீட்டர் நீளம், 0.6 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 216 லிட்டர் கலவை. தோட்ட மண்ணை நிரப்பி நனைத்தால் 300 கிலோவைத் தாண்டும். பாத்தி முழு உயரத்துக்கும் மண் நிரப்பினால் அதைப்போல மூன்று மடங்கு. ஆகவே கால் வைத்த மேசை மாதிரி செய்து, மேலே 20 முதல் 30 சென்டிமீட்டர் மட்டும் கலவை; அதிலும் தோட்ட மண்ணைக் குறைத்து, தென்னைநார்க் கழிவும் மக்கிய உரமும் கூட்டி. சுவரை ஒட்டி, தூணுக்கோ உத்தரத்துக்கோ மேலே வையுங்கள். வைப்பதற்கு முன் பொறியாளர் ஒருவர் பார்த்துவிடட்டும். பூவாளியில் 2 லிட்டருக்கு மேல் நிரப்ப வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். கேட்கமாட்டார், 2 லிட்டர் பூவாளியாகவே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ஒன்றேகால் வயதுப் பேரன் எதையும் வாயில் வைக்கிறான். எந்தச் செடிகளை அப்புறப்படுத்த?

பதில்: அரளி, ஊமத்தை, ஆமணக்கு, செங்காந்தள், இவை நான்கும் வீட்டைவிட்டே போகட்டும். அரளியில் இலை, பூ, தண்டு, காய்ந்த சருகு எல்லாமே நஞ்சு. வெட்டியதை எரிக்காதீர்கள், புகையும் ஆகாது. டிஃபன்பேகியா, மணி பிளான்ட் இரண்டும் மென்றால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும்; எட்டாத உயரத்துக்கு ஏற்றுங்கள். எதையாவது மென்றுவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், வாயைத் துடைத்து, செடியின் ஒரு கிளையோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

செடியைவிட ஆபத்து தண்ணீர் வாளி. ஒரு சாண் தண்ணீர்கூட அந்த வயதுக்கு உயிருக்கு ஆபத்து. வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். மேலே திரிவாளி பற்றி எழுதியிருப்பது ஆளில்லா வீட்டுக்கு மட்டும்.

கேள்வி: மூன்று மாதத்தில் வேறு நாட்டுக்குக் குடிபோகிறோம். தொட்டிச் செடிகளைக் கொண்டுபோக முடியுமா?

பதில்: மண்ணோடு முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மண்ணும் செடியும் கொண்டுவரப் பெரும்பாலான நாடுகள் தடையோ, தாவர நலச் சான்றிதழோ விதிக்கின்றன. விதைகளுக்கும் பல இடங்களில் அதே கதைதான். போகிற நாட்டின் விதியைப் படிக்காமல் பையில் ஒளித்து வைக்காதீர்கள். இப்போதே துண்டுகளாக்கி உறவினர்களிடம் கொடுத்துவிடுங்கள்: கணுவுக்குக் கீழே வெட்டிய 10 முதல் 15 சென்டிமீட்டர் குச்சி, கீழிலை நீக்கி, பாதி நீளம் ஈரக் கலவையில். செம்பருத்தியும் மல்லிகையும் ஒன்றரை மாதத்துக்குள் பெரும்பாலும் வேர் பிடித்துவிடும். இந்த இளவேனிலில் புதிதாக எதையும் நடாதீர்கள், கீரையைத் தவிர.

கேள்வி: பேத்தி பிறந்து பத்து நாள். அவள் பெயரில் ஒரு எலுமிச்சை நட ஆசை. விதையா, ஒட்டுச்செடியா? சுவருக்கு எவ்வளவு தள்ளி?

பதில்: ஒட்டுச்செடி நட்டால் அவள் மூன்று வயதில் தானே பறிப்பாள். விதை போட்டால் பள்ளிக்கூடம் போன பிறகும் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். சுவரிலிருந்து 3 மீட்டர் விடுங்கள், 6 மணி நேர வெயில் வேண்டும்.

வாங்கும்போது உயரத்தைப் பார்க்காமல், தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேர் வட்டம் சுற்றிக் கயிறாக முறுக்கியிருந்தால் வேறு செடி எடுங்கள். குழி, வேர்க்கட்டியின் ஆழமே போதும். அகலம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு. ஆழமாக வெட்டி உரம் நிரப்பினால் மண் இறங்கும்போது மரமும் இறங்கி, ஒட்டுப்போட்ட முடிச்சு புதைந்து அழுகும். முடிச்சு எப்போதும் ஒரு சாணாவது மண்ணுக்கு மேலே. எடுத்த மண்ணையே திருப்பிப் போட்டு, 5 முதல் 8 சென்டிமீட்டர் மூடாக்கு இடுங்கள், ஆனால் தண்டைச் சுற்றிக் கையகலம் வெறுமையாக இருக்கட்டும். மழையில்லாத நாட்களில் முதல் மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒரு முறை, தடவைக்கு 15 முதல் 20 லிட்டர்.

முடிச்சுக்குக் கீழே வருகிற துளிரை உடனே கிள்ளுங்கள். அது அடிச்செடியின் துளிர். விட்டால் மேலே ஒட்டியதை அமுக்கிவிடும். முதல் வருடம் பிஞ்சு வைத்தாலும் பறித்துவிடுங்கள். மனசு கேட்காதுதான்.

கேள்வி: அம்மா போன வருடம் தவறிவிட்டார். அவர் சேர்த்து வைத்த அவரை, தக்காளி, பூசணி விதைகள் ஒரு டப்பாவில் இருக்கின்றன. குறைந்தது நான்கு வருடப் பழசு. முளைக்குமா? இந்த ரகம் விட்டுப்போகக் கூடாது.

பதில்: தக்காளிக்கும் பூசணிக்கும் நம்பிக்கை அதிகம், நான்கு ஐந்து வருடம் தாங்கும். அவரை மூன்று வருடத்துக்குப் பிறகு வேகமாகக் குறையும். அதனால் முதலில் அவரையைக் கவனியுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மண்ணில் போட்டுவிடாதீர்கள். நூறு விதை இருந்தால் பத்தை எடுத்து, நனைத்துப் பிழிந்த காகிதத் துணியில் இடம்விட்டு அடுக்கிச் சுருட்டி, பாலித்தீன் பையில் போட்டு, வாய் லேசாகத் திறந்தபடி வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து பாருங்கள், பத்தாம் நாள் எண்ணுங்கள். ஏழு முளைத்தால் வழக்கம்போல விதைக்கலாம். மூன்று முளைத்தால் குழிக்கு மூன்று போடுங்கள். அந்தப் பத்தில் முளைத்தவற்றையும் வீணாக்காமல், வேர் ஒடியாமல் தொட்டிக்கு மாற்றுங்கள். ஒரு விதை மட்டுமே முளைத்தாலும் ரகம் பிழைத்துவிடும். எப்படியானாலும் பாதி விதையை இந்த வருடம் தொடாமல் வையுங்கள். மழையோ நத்தையோ ஒரே இரவில் முடித்துவிட்டால் அடுத்த வருடத்துக்கு அதுதான் இருப்பு.

தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும். அவரைப் பூவைத் தேனீ அவ்வப்போது கலக்கும், ஆகவே இரண்டிலும் அந்த ஒரு ரகத்தை மட்டும் நடுங்கள். பூசணிதான் சிக்கல். அக்கம்பக்கத்துத் தோட்டத்துப் பூசணியோடு தேனீ கலந்துவிட்டால் காய் அம்மா வளர்த்தது மாதிரியே இருக்கும், ஆனால் அதன் விதை வேறாகிவிடும். ஆகவே கையால்தான் சேர்க்க வேண்டும். மறுநாள் மலரப்போகும் மொட்டு முந்தின மாலையே நுனியில் மஞ்சள் ஓடியிருக்கும். அடியில் குட்டிக் காய் இருப்பது பெண், வெறும் காம்பு மட்டும் இருப்பது ஆண். பெண் ஒன்று, ஆண் இரண்டு, மூன்றின் நுனியையும் அன்று மாலையே ஒட்டுநாடாவால் சுற்றிவிடுங்கள். விடிந்ததும் ஆண்பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டு, நடுத்தண்டின் மஞ்சள் பொடியைப் பெண்பூவின் நடுமுடிச்சில் எல்லாப் பக்கமும் தடவி, பெண்பூவை மறுபடி ஒட்டிவிடுங்கள். காம்பில் ஒரு நூல் கட்டுங்கள், எந்தக் காய் என்று பிறகு தேட வேண்டாம். நான்கு நாளில் பிஞ்சு மஞ்சளானால் பிடிக்கவில்லை என்று பொருள், அடுத்த மொட்டில் முயலுங்கள்.

அந்தக் காயைக் கொடியிலேயே முற்றவிட்டு, பறித்த பின் மூன்று வாரம் வீட்டில் வைத்து, பிறகு விதையெடுங்கள். கழுவி, நேர் வெயில் படாத காற்றில், தட்டில் ஒட்டாமல் கிளறி, ஒடித்தால் வளையாமல் முறியும்வரை காயவிடுங்கள். காகித உறை, அதை மூடி இறுகிய ஜாடி, ஜாடியைக் குளிர்ச்சியான இருட்டில். உறையின்மேல் ரகம், வருடம், இதோடு உங்கள் அம்மா அதை எந்தப் பெயரில் அழைத்தார் என்பதையும் எழுதுங்கள். இரண்டாவது உறை ஒன்றைத் தங்கையிடமோ மகளிடமோ கொடுத்து வையுங்கள்.